ஒரே நம்பரில் இரண்டு துப்பாக்கி

பொகவந்தலாவை பஜார்,
1962 மார்ச் 4.

தம்பி முத்துலிங்கம்,

சுகம் விசாரித்து அரைப் பக்கம் நிரப்புகிற ஆள் நானில்லை என்பது உனக்குத் தெரியும். நான் இருக்கிறேன், கடை நடக்கிறது. நீயும் மீனம்மாவும் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷக் கடைசியில் இங்கிருந்து சீமைக்குக் கப்பலேறிய துரையிடம் ஒரு ரைபிள் வாங்கினேன் என்று சொன்னேனே, அது இப்போது தலைவலியாகிவிட்டது. ஜெர்மன்காரன் செய்த மவுசர். சாமானில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலிவாகக் கொடுத்தான், வாங்கிவிட்டேன். இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவன், ஒருத்தன் மலிவாகக் கொடுக்கும்போது 'ஏன்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? இப்போது தெரிகிறது ஏன் என்று. இதற்குப் பத்தே முக்கால் மில்லித் தோட்டா வேண்டும். விரல் பருமன். யுத்தத்துக்கு முந்தி வந்து கொண்டிருந்ததாம். இப்போது கொழும்பிலும் இல்லை, கண்டியிலும் இல்லை. துரை கொடுத்த ஒரே ஒரு டப்பாதான் என் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கிறது. அது தீர்ந்தால் துப்பாக்கியைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம்.

காட்டோரத்தில் நான் குத்தகைக்கு எடுத்த கிழங்குத் தோட்டத்தைப் பன்றி உழுது போடுகிறது. நானா அதைத் தின்னப் போகிறேன்? சுட்டுக் கொடுத்தால் லயத்தில் குடியிருக்கிற கூலியாட்களுக்குக் கொண்டாட்டம், எனக்குக் கிழங்கு மிஞ்சும். ஆகவே இந்தத் துப்பாக்கியை ஏழு மில்லித் தோட்டாவுக்கு மாற்ற வேண்டும். அது தாராளமாகக் கிடைக்கிறது. கண்டித் துப்பாக்கிக்கடைக்காரன் ஒரு வருஷம் பொறு என்கிறான். யுத்த காலத்தில் தியத்தலாவைப் பட்டாளப் பட்டறையில் நீ இந்த வேலைதானே செய்தாய்?

அரசாங்கக் கச்சேரியில் அனுமதி வாங்கிவிட்டேன். கண்டியில் மாற்றுவதாகத்தான் சொல்லியிருக்கிறேன். உன் பேர் எங்கேயும் வராது. லைசன் என் பேரில், பொறுப்பும் என் பேரில்.

கடைசியாக ஒன்று. கழற்றுகிற மிச்சம் மீதி எல்லாம் எனக்கு வந்துவிட வேண்டும். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லயம் லயமாக ஏறிய நாளிலேயே தையற்காரனிடம் வெட்டுத்துணியைக் கேட்டு வாங்கியவன் நான். சிரிப்பாய். சிரி.

அலியார்


கந்தப்பளை, பெக்டரி குவாட்டர்ஸ்,
1962 மார்ச் 12.

அன்பு அலியார் நானா,

சிரித்தேன். மீனம்மா என்னைவிட அதிகம் சிரித்தாள். "நம்ம நானாவையே ஒரு தொரை ஏமாத்திட்டானா? அந்தத் தொரைக்கு ஒரு கும்பிடு" என்கிறாள்.

தோட்டாவை மாற்றுவதென்றால் குழலை மாற்ற வேண்டும். அதோடு போகாது. தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற உங்கள் போல்ட்டின் முகம் பத்தே முக்காலின் பருத்த அடிக்கு வெட்டினது. ஏழு மில்லி அதற்குள் பிடிமானம் இல்லாமல் ஆடும். ஆகவே போல்ட்டும் மாற வேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. எங்கள் தோட்டத்துச் சின்ன துரை ஜீப்போடு பள்ளத்தில் உருண்டாரே, அவரோடு சேர்ந்து உருண்ட ஏழு மில்லி மவுசர் ஒன்று லைசன் ரத்தாகி, கழிவு இரும்போடு ஏலத்தில் எனக்கு வந்தது. கட்டை நொறுங்கிவிட்டது. குழலும் போல்ட்டும் பூட்டுகிற நடு உடம்பில் மயிரிழை போல ஒரு கீறல். அந்த உடம்பை வைத்து யாரும் சுடக்கூடாது. ஆனால் குழலும் போல்ட்டும் புதுசு போல இருக்கின்றன. அவற்றை உங்கள் துப்பாக்கியின் உடம்பில் பூட்டி, பொருத்தம் பார்த்துத் தருகிறேன்.

மவுசரில் குழல், போல்ட், உடம்பு மூன்றிலும் ஒரே நம்பர் அடித்திருக்கும். லைசனில் ஏறுவது உடம்பின் நம்பர். அது மாறாது. பயமில்லை.

எனக்குத்தான் ஒரு பயம். என் பிரஜாவுரிமை அப்பீல் இன்னும் கொழும்பில் கிடக்கிறது. பொலிஸ் பக்கம் என் பேர் ஒரு தடவை போனால் போதும், அந்தப் பைலை மூடி ஓரத்தில் வைத்துவிடுவார்கள். நான் வேலை பார்க்கும் தேயிலைப் பெக்டரி லேத்தில் ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை செய்வதும் துரைக்குத் தெரியக்கூடாது. நீங்கள் 'பேர் வராது' என்று எழுதியதால் சம்மதிக்கிறேன். வேறு யார் எழுதியிருந்தாலும் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன்.

மிச்சம் எல்லாம் பத்திரமாக வரும். கவலை வேண்டாம்.

முத்துலிங்கம்


பொகவந்தலாவை,
1962 மே 27.

தம்பி,

நேற்று பைஸர் துப்பாக்கியைக் கொண்டுவந்து சேர்த்தான். கால் வீங்கிப் படுத்திருக்கிறேன், இல்லாவிட்டால் நானே வந்து வாங்கியிருப்பேன். நம் கந்தப்பளைக் கடையை ஒரு நாள் பூட்டிவிட்டு மாமாவின் சாமானைச் சுமந்து வந்திருக்கிறான். மகள் ரஸீனாவைக் கட்டிக்கொடுத்தது வீண்போகவில்லை, மருமகன் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு பிள்ளையை அல்லாஹ் கொடுத்திருக்கிறான்.

இன்று காலை பொறுக்க முடியவில்லை. தோட்டக் காவற்காரன் அழகனின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே போய், சவுக்கு மரத்தில் கரியால் வட்டம் போட்டுச் சுட்டேன். வட்டத்துக்குள் விழுந்தது. இரண்டாவது வேட்டும் உள்ளேதான். போல்ட் தறியில் நாடா ஓடுவது போலப் போய் வருகிறது. அழகன் சொல்கிறான்: "மொதலாளி, பன்னிக்கு இப்பவே ஒரு கடுதாசி போட்டுருங்க, இந்தப் பக்கம் வராதேன்னு."

கூலி வேண்டாம் என்று சொல்லியனுப்பினாயாம். சரி. மீனம்மாவுக்கு ஒரு சேலை வருகிறது. அதைத் திருப்பி அனுப்பினால் சண்டைதான்.

அலியார்


பொகவந்தலாவை,
1963 ஜனவரி 9.

திரு. முத்துலிங்கம் அவர்களுக்கு,

முந்தாநாள் கடையில் ஆள் நிறைந்திருந்த நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. நுவரெலியா இன்ஸ்பெக்டர். சீனி மூட்டைமேல் ஒரு சாக்கை விரித்து, அதில் ஒரு துப்பாக்கியை வைத்தார்.

"மொகக்த மே முதலாளி? இது என்னா?"

உங்கள் ஊர்க் காட்டில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலைப் பனியில் மரைமான் வேட்டைக்குப் போனவர்கள், அசைந்ததை மரை என்று நினைத்துச் சுட்டார்கள். விழுந்தது காட்டுக் காவற்காரர் வீரய்யா. ஆள் பிழைத்துவிட்டார், ஒரு கால் போய்விட்டது. சுட்டவர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கிதான் என் சீனி மூட்டைமேல்.

குழலில் என் நம்பர். போல்ட்டில் என் நம்பர். நான் உள்ளே ஓடிப்போய் என் துப்பாக்கியை எடுத்து வந்து காட்டினேன். அதன் உடம்பிலும் அதே நம்பர். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஒரே நம்பர்ல ரெண்டு துவக்கு. ஒங்க கடையில ஒன்னு வாங்கினா ஒன்னு இனாமா?" கூட்டமும் சிரித்தது. இந்தப் பஜாரில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

கழற்றிய சாமானை நீங்கள் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டீர்கள் என்று பைஸர் அன்றைக்கே சொன்னான். "லிங்கம் மாமாவுக்கு அதுல ஒரு ஆசை, எனக்குத் திருப்பிக் கேக்க வாய் வரல" என்றான். என் வாழ்நாளில் மிச்சத்தை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான். எழுதினால் உங்கள் முகம் வாடுமே என்று கடிதத்தில்கூட அதைக் குறிப்பிடவில்லை.

அதைக் கீறல் விழுந்த அந்த உடம்பில் பூட்டி யாருக்கு விற்றீர்கள்? இன்ஸ்பெக்டரிடம் உங்கள் பேரை இன்னும் சொல்லவில்லை. கண்டியில் விசாரித்துச் சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருக்கிறேன். ஆளின் பேரை எழுதியனுப்புங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அ. அலியார்


கந்தப்பளை,
1963 ஜனவரி 14.

நானா,

'திரு' என்று போட்டிருந்தீர்கள். வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் பேர்தான் இருந்தது.

நான் எதையும் விற்கவில்லை. வைத்துக்கொள்ளவும் இல்லை. வீரய்யாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி சண்முகவடிவு என்னைப் பார்த்து, "அண்ணே, எந்தப் பாவி செஞ்ச துப்பாக்கியோ" என்றாள். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அந்தப் பாவியில் பாதி நான் என்று தெரிகிறது.

உங்கள் மிச்சம் என் வாசலைத் தாண்டிய நாள் எனக்குத் தெரியும். அதை வாங்கிக்கொண்ட கையும் தெரியும். உங்கள் பேரைச் சொல்லித்தான் வாங்கிப்போனார்கள். அதை நான் கடிதத்தில் எழுத மாட்டேன். உங்களுக்கு வருகிற கடிதம் உங்கள் கையில் மட்டும் நிற்கும் என்று நிச்சயமில்லை.

ரஸீனா எப்படி இருக்கிறாள்? இரண்டு தடவை கலைந்துபோய், இந்தத் தடவை ஐந்தாம் மாதம் தாண்டியிருக்கிறது என்று மீனம்மா தினமும் விரல் மடக்குகிறாள். இதை நான் சும்மா விசாரிக்கவில்லை.

ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வாருங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். வர முடியாவிட்டால் உங்கள் வீட்டுக்குள்ளேயே விசாரியுங்கள். மெதுவாக விசாரியுங்கள்.

முத்துலிங்கம்


பொகவந்தலாவை,
1963 ஜனவரி 22.

முத்துலிங்கம் அவர்களுக்கு,

நீங்கள் பேர் எழுதாவிட்டாலும் விரல் யார் பக்கம் நீள்கிறது என்று தெரிந்தது. துப்பாக்கியை வாங்க வந்தது பைஸர் ஒருவன்தானே. கூப்பிட்டுக் கேட்டேன். நான் சொல்லி முடிக்குமுன் குர்ஆனை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"மாமா, ஒங்களுக்கு அந்த ஆளு வேணுமா, நான் வேணுமா?"

கதவுக்குப் பின்னால் ரஸீனா அழுத சத்தம் எனக்குக் கேட்டது. அவள் இருக்கிற நிலையைச் சொல்லி என்னை மிரட்டப் பார்த்தீர்கள். பிள்ளைத்தாய்ச்சியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பேசுகிறவன் ஆம்பளையா? இத்தனை வருஷம் உங்கள் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தின்றேனே, அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது. யாரிடம் எதை நம்பிக் கொடுக்கலாம் என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசியவன் நான்.

நேற்று நுவரெலியா போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். மாற்றியவர் இன்னார், கழற்றியதை வைத்துக்கொண்டவர் இன்னார், செய்த இடம் தோட்டத்துப் பெக்டரி. எல்லாம் சொல்லியாகிவிட்டது. கச்சேரியில் பொய் சொன்னதற்காக என் லைசனை ரத்துச் செய்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். போகட்டும்.

உங்கள் பேர் வராது என்று எழுதியிருந்தேன். வந்துவிட்டது. அந்த வாக்கை நான் கொடுத்தது என் சினேகிதனுக்கு. அப்படி ஒருத்தன் இல்லை என்று ஆன பிறகு, வாக்கு யாரிடம் நிற்கும்?

அ. அலியார்


கந்தப்பளை,
1963 பெப்ரவரி 10.

அலியார் முதலாளிக்கு,

ஒரு வாரத்துக்குமேல் உள்ளே வைத்திருந்து, நேற்றுத்தான் பிணையில் விட்டார்கள். பெரிய துரை பெக்டரிக்குள் என்னை வரவிடவில்லை. கணக்கப்பிள்ளை மூலம் கடிதம் கொடுத்தனுப்பினார். தோட்டத்து லேத்தில் துப்பாக்கி செய்தவனுக்கு வேலை இல்லை, மார்ச் பதினேழாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் பேரில் வழக்கு இருப்பதைக் கொழும்புக்கு எழுதிவிட்டதாக இன்ஸ்பெக்டரே சொன்னார். அப்பீலைப் பற்றி இனி நான் என்ன நினைப்பது?

இப்போது எழுதுகிறேன். யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

துப்பாக்கியை வாங்க வந்த அன்று உங்கள் மருமகன் என் மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னது இதுதான்: "மாமா மிச்சத்தக் கேட்டாரு. ஒரு திருகாணி விடாமக் கட்டி வாங்கிட்டு வரச் சொன்னாரு." எனக்குச் சந்தேகமே வரவில்லை. நீங்கள் பேசுவது போலவே இருந்தது. வெட்டுத்துணிக்குத் தையற்காரனோடு மல்லுக்கு நின்ற மனுஷன் வேறு என்ன சொல்லியனுப்புவார்? பழைய குழல், பழைய போல்ட், அந்தக் கீறல் உடம்பு எல்லாவற்றையும் நானே சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். "தம்பி, இதப் பூட்டிக்கீட்டிப் பாத்துறாதீங்க, சுட்டவன் மூஞ்சிக்கே வரும்" என்றும் சொன்னேன். "எனக்கெதுக்கு மாமா?" என்று சிரித்தார். யாரை நம்புவது என்பது உங்கள் விருப்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

வீரய்யாவின் தொடையிலிருந்து எடுத்த குண்டைப் பொலிஸில் எனக்குக் காட்டினார்கள். பத்தே முக்கால். அந்தத் தோட்டா கொழும்பில் இல்லை, கண்டியில் இல்லை என்று எழுதியது நீங்கள். எங்கே இருக்கிறது என்று எழுதியதும் நீங்கள். உங்கள் வீட்டு முன்னறையில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரும்பு அலமாரி எந்த அறையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. குழலும் போல்ட்டும் என்னிடமிருந்து போனது சரி. தோட்டா யாரிடமிருந்து போனது?

பொலிஸில் இதுவரை பைஸரின் பேரை நான் சொல்லவில்லை. அடித்தார்கள், சொல்லவில்லை. அதை முதலில் நீங்கள்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

முத்துலிங்கம்


பொகவந்தலாவை,
1963 பெப்ரவரி 17.

தம்பி,

கடிதம் கிடைத்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அலமாரியைத் திறந்தேன். டப்பா இருந்தது. தூக்கினால் கனமும் இருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே ஆணி. இரண்டங்குல ஆணி, என் கடைச் சரக்கு.

சாவி எப்போதும் என் வீட்டுக்காரி செரீபாவின் இடுப்பில்தான் இருக்கும். கேட்டேன். "பெருநாளைக்கு வந்தப்ப மருமகன் கேட்டாரு, குடுத்தேன். வீட்டு மாப்பிள்ளைக்குச் சாவி குடுக்கக் கூடாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

பைஸரைக் கடைக்குப் பின்னால் சாமானறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். இந்தத் தடவை குர்ஆன் எடுக்கவில்லை. என் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மரை இறைச்சி காயவைத்து நுவரெலியா ஹோட்டல்களுக்குக் கொடுத்தானாம். சுட்டது அவனில்லையாம், மூக்கன் என்று ஒருத்தனாம். துப்பாக்கியைப் பூட்டிக் கொடுத்தது இவன். கன்னத்தில் அறைந்தேன். கை வலித்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

என் வீட்டில் என் சோற்றைத் தின்று, என் பேரைச் சொல்லி உன்னிடம் வாங்கி, உன் பேரைச் சொல்லி என்னிடம் மறைத்திருக்கிறான். நான் உன்னைத் திருடன் என்றேன். அதை இல்லையென்று ஆக்க முடியாது, ஆகவே அதைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை.

இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன். பைஸரின் பேர் வெளியே வந்தால் அவன் உள்ளே போவான். அவன் உள்ளே போனால் ரஸீனாவின் வயிற்றில் இருப்பது தங்காது என்று மருத்துவிச்சி சொல்கிறாள். இது மூன்றாவது. நான்காவதற்கு அவள் உடம்பில் தெம்பு இல்லை. உனக்கு நடக்க வேண்டியது பாதி நடந்துவிட்டது. வேலை போய்விட்டது. வீடு போகிறது. கழற்றியதை யாரோ ஊர் பேர் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்தேன் என்று நீ கோர்ட்டில் ஒரு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்துவிடும். உனக்காக வாதாடப் பெரிய பிரக்கிராசியாக வைக்கிறேன். நீயும் மீனம்மாவும் இங்கே வந்து என் மாடியில் இருங்கள். கந்தப்பளைக் கடையை உன் கையில் கொடுக்கிறேன். பிரஜாவுரிமை கிடைக்காமல் போனாலும், அக்கரையில், இந்தியாவில், உங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா?

யோசித்து எழுது. உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

அலியார்


கந்தப்பளை,
1963 பெப்ரவரி 21.

முதலாளி,

அக்கரையில் என் ஆட்கள் யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் பிறந்தது இந்தப் பெக்டரிக்கு மேலே இருக்கிற லயத்தில். அப்பாவைப் புதைத்தது அதற்கும் மேலே, ஏழாம் நம்பர் மலையில். அக்கரையில் எந்த ஸ்டேசனில் இறங்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

நீங்கள் இதைக் கேட்டிருக்காவிட்டால் நானே செய்திருப்பேன். அடி வாங்கியும் ஏன் பைஸரின் பேரைச் சொல்லவில்லை என்று நினைக்கிறீர்கள்? ரஸீனா என் மடியில் பல் முளைத்த பிள்ளை. 'நானாவுக்கு விஷயம் தெரியாது, அதனால்தான் இப்படி எழுதுகிறார், தெரிந்தால் பஸ்ஸைப் பிடித்து ஓடி வருவார்' என்று லொக்கப்பில் இருந்த நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைத் திருடன் என்று நினைத்தீர்கள், அதைத் தாங்கிக்கொண்டேன். இப்போது நான் திருடன் இல்லை என்று தெரிந்த பிறகும் திருடனாகவே இருக்கச் சொல்கிறீர்கள். இதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

மாடியில் ஓர் அறை, ஒரு கடை. என்னை எடை போட்டுப் பார்த்து ஒரு விலை வைத்திருக்கிறீர்கள். குறைவாக வைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் பதினான்காம் தேதி நுவரெலியாக் கோர்ட்டில் வழக்கு. யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டால் பேரைச் சொல்வேன். உங்களைச் சாட்சிக்கு அழைப்பார்கள். டப்பாவில் ஆணி இருந்தது என்று நீங்கள் சொன்னால் போதும்.

முத்துலிங்கம்


பொகவந்தலாவை,
1963 மார்ச் 8.

முத்துலிங்கம்,

பைஸர் இங்கே இல்லை. போன வெள்ளிக்கிழமை தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட்டேன். கீழக்கரையில் எங்கள் ஆட்களிடம் இருப்பான். சரக்கு எடுக்கப் போயிருக்கிறான் என்று ரஸீனாவிடம் சொல்லியிருக்கிறேன். நம்புகிறாள். அவள் எதைச் சொன்னாலும் நம்புகிற பிள்ளை.

நீ அவன் பேரைச் சொல்லலாம். ஆள் இல்லாத இடத்தில் பேர் மட்டும் நிற்கும். என்னைக் கேட்பார்கள். அந்தத் தோட்டாவெல்லாம் முந்தியே சுட்டுத் தீர்த்துவிட்டேன் என்று சொல்வேன். உன் மருமகனிடம் கொடுத்ததாக இவர் சொல்கிறாரே என்றால், எனக்குத் தெரியாது என்று சொல்வேன். அதற்குமேல் ஒரு வார்த்தை உன்னைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல மாட்டேன்.

இதை அங்கே வந்து முதன்முதலாகக் கேட்டு நீ திகைக்கக்கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். விலையைச் சொல்லாமல் சாமானைக் கட்டிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நீ என்னை என்ன நினைப்பாய் என்று தெரியும். நானும் அதைத்தான் நினைக்கிறேன். ஆனால் என் மகள் எட்டாம் மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே என்னால் வேறு எதையும் செய்ய முடியவில்லை. உன் நியாயம் பெரியதுதான். என் வீட்டுக் கதவுக்குள் அது நுழையவில்லை.

அலியார்


கந்தப்பளை,
1963 மார்ச் 15.

அலியார் முதலாளிக்கு,

நீங்கள் கூண்டில் நின்ற இடத்திலிருந்து நான் இருந்த பெஞ்சு தூரமில்லை. 'எனக்குத் தெரியாது' என்று சொன்னபோது என் பக்கம் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது.

தீர்ப்பு வந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். மூன்று மாதத் தண்டனை. முதல் குற்றம் என்பதால் ஒத்திவைத்திருக்கிறார்கள். தப்பித்துக்கொள்வதற்காக ஊரில் இல்லாத ஒருவன்மேல் பழி போட்டேன் என்று நீதவான் தனியாக ஒரு வார்த்தை சொன்னார். தீர்ப்பின் பிரதி கொழும்புக்குப் போகும், அப்பீலை இனி மறந்துவிடுங்கள் என்றார் பிரக்கிராசி. நாளை மறுநாள் வீட்டைக் காலி செய்கிறோம். வட்டகொடையில் மீனம்மாவின் தம்பி லயத்தில் ஒற்றையறைக் காம்பரா ஒன்று இருக்கிறது. சட்டியும் பானையும் கட்டியாகிவிட்டது.

நேற்று வீட்டுக்கு வந்ததும் மீனம்மா தண்டனையைப் பற்றிக் கேட்கவில்லை. முதலில் அவள் கேட்டது, "நானா வந்து சொன்னாருல்ல?"

"வரல. கடுங் காய்ச்சலாம். எந்திரிக்க முடியலையாம்" என்றேன்.

"அதான பாத்தேன். அவரு வந்திருந்தா ஒங்கள இப்படி விட்டிருப்பாரா?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

உங்களைக் காப்பாற்ற அப்படிச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அவளிடம் நடந்ததைச் சொல்ல என் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். இந்த வாரமோ அடுத்த வாரமோ யாராவது அவளிடம் சொல்லத்தான் போகிறார்கள்.

இன்று காலையில் கட்டின மூட்டையில் ஒன்றை அவிழ்த்துச் சட்டியை வெளியே எடுத்தாள். நானாவுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து, போத்தலில் ஊற்றிப் பஸ்காரனிடம் கொடுத்தனுப்பலாமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முத்துலிங்கம்